மிலான் பெண் கிராக்கோவ்காரி ஆன கதை

போலந்தின் கிராக்கோவ் நகரில் ஃப்ளோரியன் வாசல் என்று ஒரு பழைய மதில் வாசல் இருக்கிறது. அதற்குள் நுழைந்து வலது பக்கம் திரும்பினால் பியார்ஸ்கா தெரு. கொஞ்ச தூரத்தில், தெருவுக்கு மேலே இரண்டு கட்டடங்களை இணைக்கும் மூடிய பாலம் ஒன்று குறுக்கே போகும். அதுதான் சார்தோரிஸ்கி அருங்காட்சியகம். ஒரு குளிர்காலத்தில் வேலை விஷயமாக அந்த ஊரில் மூன்று நாள் தங்க வேண்டியிருந்தது. கடைசி நாள் காலை மட்டும் எனக்கென்று கிடைத்தது. அந்த அரை நாளையும் அங்கேயே கழித்தேன்.

நான் பார்க்கப் போனது ஒரே ஒரு படம்தான். லியோனார்டோ டா வின்சி வால்நட் மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்தது. உயரம் 55 செ.மீ. இருக்கும், அகலம் 40. விரித்த வார இதழைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். போலந்துக்காரர்கள் அதை ‘டாமா ஸ் க்ரொனோஸ்தாயெம்’ என்கிறார்கள். எர்மினோடு இருக்கும் பெண் என்று பொருள். எர்மின் குளிர்நாட்டுப் பிராணி. நம் கண்ணுக்கு முதலில் கீரிப்பிள்ளை என்றே தோன்றும். அதே நீண்ட உடல், அதே துருதுருப்பு. குளிர்காலத்தில் மட்டும், வாலின் கறுப்பு நுனியைத் தவிர, அதன் ரோமம் முழுக்க வெள்ளையாகிவிடும்.

லியோனார்டோ வரைந்தவை என்று பொதுவாக ஏற்கப்படும் பெண் உருவப்படங்கள் நான்கே. ஒன்று வாஷிங்டனில் இருக்கிறது, இரண்டு பாரிஸின் லூவ்ரில். நான்காவது இங்கே எப்படி வந்தது என்பதுதான் என்னைப் பல ஆண்டுகளாக இழுத்த கேள்வி. லியோனார்டோ போலந்துப் பக்கம் வந்ததே இல்லை. படத்தில் இருக்கும் பெண்ணும் வந்ததில்லை. அவள் மிலான்காரி.

பெயர் செசிலியா கல்லெரானி. 1473-இல் பிறந்தவள். மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ட்சாவின் காதலி. 1489, 1490 வாக்கில் இந்தப் படம் வரையப்பட்டபோது அவளுக்குப் பதினாறு, பதினேழு வயது. லத்தீன் கற்றவள், கவிதை எழுதியவள். கையில் எர்மின் இருப்பதற்கு அறிஞர்கள் பல காரணம் சொல்கிறார்கள். கிரேக்கத்தில் அந்த இனத்துப் பிராணிக்கு ‘கலே’ என்று பெயர், அது கல்லெரானி என்ற குடும்பப் பெயரோடு ஒலிக்கிறது என்பது ஒன்று. 1488-இல் நேப்பிள்ஸ் மன்னர் லுடோவிகோவுக்கு ‘எர்மின்’ விருது வழங்கியிருந்தார், ஆகவே அந்தப் பிராணியே லுடோவிகோதான் என்பது இன்னொன்று. தன் வெள்ளை ரோமத்தில் சேறு படுவதைவிடச் செத்துப்போவதே மேல் என்று நினைக்கும் பிராணி அது என்ற பழங்கதையை லியோனார்டோவே தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். மூன்றும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். அந்தக் காலத்து அரண்மனைகளில் இப்படிப் பல அடுக்குகளில் பொருள் வைத்து ரசிப்பது வழக்கம்.

2014-இல் பாஸ்கல் கோத் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், வெவ்வேறு அலைநீள ஒளிகளைப் பாய்ச்சி இந்தப் படத்தை ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டார். அவர் கணிப்பில் லியோனார்டோ முதலில் செசிலியாவை மட்டும் வரைந்திருக்கிறார். பிறகு சிறிய சாம்பல் நிறப் பிராணியைச் சேர்த்தார். அதன் பிறகே இன்று நாம் பார்க்கும் திடமான வெள்ளை எர்மின் வந்தது. நேரில் பார்க்கும்போது இதைச் சுலபமாக நம்ப முடிகிறது. அந்தக் கை அவ்வளவு யோசித்து வரையப்பட்ட கை. விரல்கள் பிராணியை அழுத்தவும் இல்லை, தடவவும் இல்லை. தொட்டுக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். உடல் ஒரு பக்கம் திரும்பியிருக்க, முகம் இன்னொரு பக்கம் திரும்பியிருக்கிறது. அறைக்குள் யாரோ வந்திருக்கிறார்கள். அவள் பார்த்துவிட்டாள், எர்மினும் பார்த்துவிட்டது. நமக்குத்தான் அது யார் என்று தெரிவதில்லை.

மிலான் அரசவைக் கவிஞர் பெர்னார்டோ பெல்லின்சியோனி அப்போதே இந்தப் படத்தைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். இவள் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பவள் போல இருக்கிறாள் என்று அதில் ஒரு வரி வருகிறது. ஐந்து நூற்றாண்டுக்குப் பிறகும் அதைவிடச் சரியாகச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

1491 ஜனவரியில் லுடோவிகோ, ஃபெர்ராரா நாட்டு இளவரசி பியாட்ரிஸ் தெஸ்தேயை மணந்தான். மே மாதம் செசிலியா அவனுக்கு ஓர் ஆண் குழந்தையைப் பெற்றாள். அடுத்த ஆண்டு அவளை ஒரு பிரபுவுக்கு மணமுடித்து அனுப்பினார்கள். படமும் அவளோடு போனது. இது நமக்குத் தெரிவது ஒரு கடிதத்தால். 1498 ஏப்ரலில் இசபெல்லா தெஸ்தே, அவள் பியாட்ரிஸின் சொந்த அக்கா, செசிலியாவுக்குக் கடிதம் எழுதி அந்தப் படத்தை இரவலாகக் கேட்டாள். ஜொவான்னி பெல்லினி வரைந்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். செசிலியா அனுப்பிவைத்தாள். கூடவே ஒரு பதிலும் எழுதினாள்: படம் இப்போது என்னைப் போல இல்லை. அது ஓவியரின் குறை அல்ல. அவரைப் போல ஒருவர் கிடையாது. வரைந்தபோது நான் மிகவும் சிறியவள், இப்போது முழுக்க மாறிவிட்டேன்.

அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயதுதான். இந்த வரிகளைப் படித்த பிறகு படத்தை முன்பு போலப் பார்க்க முடிவதில்லை.

அதன் பிறகு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் படம் எங்கே இருந்தது என்பதற்குத் தடயமே இல்லை. 1536-இல் செசிலியா இறந்தாள். யார் வீட்டுச் சுவரில் தொங்கியது, எத்தனை கை மாறியது, எதற்கும் பதிவு கிடையாது. மறுபடி வெளிச்சத்துக்கு வரும்போது, 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இத்தாலியில் இருந்த ஒரு போலந்து இளவரசர் அதை விலைக்கு வாங்குகிறார்.

ஆடம் யெர்ஸி சார்தோரிஸ்கி அவர் பெயர். வாங்கியது தன் அம்மாவுக்காக.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். படம் கிராக்கோவில் இருப்பதன் வேர் அந்த அம்மாவிடம்தான் இருக்கிறது. இசபெலா சார்தோரிஸ்கா 1746-இல் பிறந்தவர். அவர் கண் முன்னால்தான் போலந்து காணாமல் போனது. 1772, 1793, 1795 என்று மூன்று தவணையாக ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அந்த நாட்டைத் துண்டு போட்டு எடுத்துக்கொண்டன. 1795-க்குப் பிறகு வரைபடத்தில் போலந்து என்ற பெயரே இல்லை. இசபெலா தன் குடும்பத்துக்குச் சொந்தமான புவாவி என்ற ஊரின் தோட்டத்தில் ஒரு கோயில் கட்டினார். 1801-இல் திறந்த அதற்கு சிபில் கோயில் என்று பெயர். உள்ளே தெய்வச் சிலை எதுவும் இல்லை. போலந்து மன்னர்களின் வாள், கொடி, நகை, எலும்பு என்று நாட்டின் நினைவுகளைச் சேர்த்து வைத்தார். வாசலில் ‘கடந்த காலம் வருங்காலத்துக்கு’ என்று பொறித்தார். போலந்தில் அருங்காட்சியகம் என்று ஒன்று தொடங்கியது அங்கேதான்.

1809-இல் பக்கத்திலேயே கோத்திக் வீடு என்று இன்னொன்றைத் திறந்தார். அது உலகத்துப் பொருள்களுக்கானது. ஷேக்ஸ்பியர் உட்கார்ந்தது என்று சொல்லி ஸ்ட்ராட்ஃபோர்டில் விற்ற நாற்காலியை அவர் 1790-இலேயே வாங்கி வந்திருந்தார். அப்படிப்பட்ட பொருள்களின் நடுவில்தான் செசிலியா வந்து சேர்ந்தாள். கூடவே ரஃபேல் வரைந்த ‘இளைஞனின் உருவப்படம்’. அதையும் மகன்தான் இத்தாலியில் வாங்கி அனுப்பியிருந்தார். ரெம்பிராண்டின் ‘நல்ல சமாரியர்’ நிலக்காட்சியும் அந்த வீட்டில் இருந்தது. பின்னாளில் இந்த மூன்றையும் எப்போதும் சேர்த்தே சொல்வார்கள்.

படத்தில் இருப்பது யார் என்று இசபெலாவுக்குத் தெரியாது. பிரான்ஸ் மன்னர் முதலாம் ஃபிரான்சுவாவின் காதலி என்று நினைத்தார்கள். படத்தின் இடது மேல் மூலையில் ‘லா பெல் ஃபெரோனியேர்’ என்றும் அதன் கீழே லியோனார்டோவின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. ‘வின்சி’யின் முதல் எழுத்தாக இத்தாலியர் போடும் ‘வி’ இல்லை, போலந்துக்காரர் அந்த ஒலிக்கு எழுதும் ‘டபிள்யூ’ இருக்கிறது. அந்த ஓர் எழுத்தே படம் போலந்துக்கு வந்த பிறகு எழுதியது என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. தவறான பெயர்தான். ஆனாலும் எனக்கு அந்த எழுத்தின் மேல் ஒரு பிரியம். ஒரு நாட்டின் கைநாட்டு மாதிரி அது அங்கே இருக்கிறது. பின்னணியில் முதலில் இருந்த நீலச் சாம்பல் நிறத்தின் மேல் கறுப்பு பூசியதும் பிற்காலத்து வேலையே. அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. நேரில் பார்க்கும்போது அந்தக் கறுப்பு அவள் தோளைக் கத்தரித்து ஒட்டியது போலக் காட்டுகிறது.

1830 நவம்பரில் ரஷ்யாவுக்கு எதிராகப் போலந்து எழுந்தது. மகன் ஆடம் யெர்ஸி எழுச்சி அரசின் தலைவரானார். எழுச்சி தோற்றது. ரஷ்யா அவருக்கு மரண தண்டனை விதித்தது, அவர் பாரிஸுக்குத் தப்பினார். புவாவி பறிபோனது. ஆனால் ரஷ்யப் படை கைவைக்கும் முன்பே சேகரிப்பைப் பெட்டி பெட்டியாகக் கட்டி வெளியேற்ற ஆரம்பித்திருந்தார்கள். அப்போது இசபெலாவுக்கு வயது எண்பத்து நான்கு, எண்பத்தைந்து. ஆஸ்திரியாவின் கையில் இருந்த பகுதியில் ஷெனியாவா என்ற ஊரில் குடும்பத்துக்கு இன்னோர் அரண்மனை இருந்தது. பொருள்களில் பலவும் அங்கே போயின. அவர் 1835-இல் அதே பகுதியில் விசோட்ஸ்க் என்ற ஊரில் இறந்தார்.

ஷெனியாவா என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டு கழித்து இந்தக் கதை மறுபடி அந்த ஊருக்கு வரும்.

படம் பாரிஸுக்குப் போனது. செய்ன் நதியின் தீவில் லாம்பேர் மாளிகை என்ற ஒன்றை 1843-இல் சார்தோரிஸ்கிகள் வாங்கினார்கள். நாடு இழந்த போலந்துக்காரர்களுக்கு அது ஒரு தாய்வீடு. இசைமேதை ஷோப்பான் வந்து போன வீடு. ஆடம் யெர்ஸிக்குப் பிறகு அவர் மகன் வ்வாடிஸ்வாவ் பாட்டியின் சேகரிப்பை மீண்டும் மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று நினைத்தார். வார்சா ரஷ்யாவின் பிடியில் இருந்தது. கிராக்கோவ் ஆஸ்திரியப் பேரரசில் இருந்தாலும் அப்போது அங்கே ஓரளவு சுயாட்சி இருந்தது, போலந்து மொழிக்கு இடம் இருந்தது. நகர மன்றம் மதில் ஓரத்தில் இருந்த பழைய ஆயுதக் கிடங்கைக் கொடுக்க முன்வந்தது. 1878-இல் அருங்காட்சியகம் திறந்தது. மிலான் பெண்ணின் முகவரி கிராக்கோவ் ஆனது இப்படித்தான். ஒரு பேரன் பாட்டியின் காரியத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்துச் செய்ததால்.

முதல் உலகப் போர் வந்ததும் பாதுகாப்புக்காகப் படத்தை ஜெர்மனியின் டிரெஸ்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இயக்குநராக இருந்தவர் ஹான்ஸ் பொஸ்ஸெ. 1920-இல்தான் படம் திரும்பி வந்தது. இந்த பொஸ்ஸெயையே 1939-இல் ஹிட்லர், லின்ஸ் நகரில் தான் கட்டவிருந்த பெரும் அருங்காட்சியகத்துக்குப் படங்கள் சேர்க்கும் பொறுப்பில் நியமித்தார். அந்த டிசம்பரில் பொஸ்ஸெ, கிராக்கோவின் ரஃபேல், லியோனார்டோ, ரெம்பிராண்ட் மூன்றையும் லின்ஸுக்கு ஒதுக்கிவைக்கும்படி பரிந்துரைத்தார். அடைக்கலம் வந்த படத்தை ஆண்டுக்கணக்கில் தன் பொறுப்பில் வைத்திருந்தவர் அவர். அதன் அருமை தெரிந்தவர். அந்தத் தெரிதலை அவர் இதற்குப் பயன்படுத்தினார் என்பது எனக்கு ஆறாத கோபம்.

1939 ஆகஸ்ட். போர் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சார்தோரிஸ்கிகள் மறுபடி பெட்டிகளை ஷெனியாவாவுக்கு அனுப்பினார்கள். அரண்மனை வளாகத்தில் ஓர் அறையில் பெட்டிகளை வைத்து வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். செப்டம்பரில் ஜெர்மன் படை வந்தது. மறைவிடம் காட்டிக்கொடுக்கப்பட்டது. சிப்பாய்கள் சுவரை இடித்து உள்ளே புகுந்தார்கள். பொன், வெள்ளி, நகை எல்லாவற்றையும் அள்ளினார்கள். படங்கள் அவர்களுக்கு வெறும் பலகை. லியோனார்டோவைத் தரையில் போட்டார்கள், அதன் மேல் ஒரு பூட்ஸ் தடம் பதிந்திருந்தது என்று சொல்லப்படுகிறது. விலைமதிப்பு தெரியாததால் அன்றைக்குப் படம் தப்பியது. சில வாரங்களில் விலைமதிப்பு தெரிந்தவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

பெர்லினுக்குப் போன படத்தை, கைப்பற்றிய போலந்தை ஆண்ட ஹான்ஸ் ஃப்ராங்க் தனக்கு வேண்டும் என்று கேட்டு வரவழைத்தான். கிராக்கோவில் போலந்து மன்னர்கள் வாழ்ந்து முடிசூடிய வாவெல் கோட்டையில்தான் அவன் குடியிருந்தான். அங்கே செசிலியாவை மாட்டினான். அருங்காட்சியகத்திலிருந்து வாவெல் குன்றுக்கு நடந்தே போய்விடலாம். நானும் நடந்தேன், இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கிராக்கோவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போகும் தூரத்தில் ஆஷ்விட்ஸ் இருக்கிறது. லட்சக்கணக்கான மனிதர்கள் அங்கே கொல்லப்பட்டுக்கொண்டிருந்த அதே நாள்களில், அந்த ஆட்சியின் பெரிய தலை ஒன்று இந்த முகத்தை ரசித்துக்கொண்டிருந்தது. இதை எழுதும்போதும் கை நிற்கிறது. அழகைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு வேறு எதுவும் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று அந்தக் குன்றின் மேல் நின்றபோது உறைத்தது.

1945 ஜனவரியில் சோவியத் படை நெருங்கியதும் ஃப்ராங்க் ஓடினான். படங்களையும் எடுத்துக்கொண்டு முதலில் சிலேசியாவுக்கு, பிறகு பவேரியாவில் ஷ்லியர்சே ஏரிக்கரையில் இருந்த தன் வீட்டுக்கு. மே மாதம் அமெரிக்கர்கள் அவனைக் கைது செய்தார்கள். நியூரம்பர்க் விசாரணைக்குப் பிறகு 1946 அக்டோபரில் தூக்கிலிட்டார்கள். செசிலியா கிடைத்தாள். ரெம்பிராண்டும் கிடைத்தது. ரஃபேலின் இளைஞன் கிடைக்கவில்லை.

1946 ஏப்ரல் கடைசியில் நியூரம்பர்க்கிலிருந்து ஒரு ரயில் கிராக்கோவுக்கு வந்து சேர்ந்தது. அந்நகரத்து மரியன்னை ஆலயத்திலிருந்து கொள்ளை போயிருந்த, சிற்பி வைட் ஷ்டோஸின் மாபெரும் மரப் பலிபீடமும் அதே ரயிலில் திரும்பியது. கலை வரலாற்றாளர் கரோல் எஸ்ட்ரைஹர் கூடவே வந்தார். போர் முழுக்க வெளிநாட்டில் இருந்தபடி, எது எங்கே கொள்ளை போனது என்று பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். அந்தப் பயணத்தின் ஒரு புகைப்படம் இருக்கிறது. ரயில் பெட்டிக்கு முன்னால் அமெரிக்கச் சீருடைக்காரர்களோடு எஸ்ட்ரைஹர் செசிலியாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சட்டகம் இல்லாமல், கண்ணாடி இல்லாமல், திறந்த வெளியில், கையில்.

போருக்குப் பின் கம்யூனிஸ்ட் அரசு அருங்காட்சியகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1991-இல் சேகரிப்பு வாரிசான ஆடம் கரோல் சார்தோரிஸ்கியிடம் திரும்பியது, அவர் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 2016 டிசம்பர் 29 அன்று போலந்து அரசு சேகரிப்பு முழுவதையும் 10 கோடி யூரோவுக்கு வாங்கியது. நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் சேர்த்துப் பல லட்சம் பொருள்கள். இந்த ஒரு படத்தின் மதிப்பே அந்தத் தொகையைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் ஒரு பக்கம் இதை நன்கொடை என்றார்கள். இன்னொரு பக்கம் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவே எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகியது. விற்றது சரியா என்று இன்னும் பேசுகிறார்கள். எனக்கு ஒன்று மட்டும் தெளிவு. இனி அதை யாரும் விற்க முடியாத இடத்தில் அது இருக்கிறது. பல ஆண்டுப் பழுதுபார்ப்பு முடிந்து 2019 டிசம்பரில் அருங்காட்சியகம் மறுபடி திறந்தது.

நான் போன அன்று செசிலியாவின் அறையில் பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியை தணிந்த குரலில் நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஷெனியாவா என்ற பெயரைத் தவிர. அது காதில் விழுந்ததும் கதையில் எந்த இடத்தில் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. பிள்ளைகளோடு சேர்ந்து நானும் அந்த இடத்திலிருந்து கேட்டேன்.

அதே அருங்காட்சியகத்தில் ஒரு காலிச் சட்டகமும் இருக்கிறது. ரஃபேலின் இளைஞனுக்கு உரியது. அவன் எப்படி இருந்தான் என்பது பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களால் தெரியும். நீண்ட தலைமுடி, தொப்பி, ஒரு தோளில் வழியும் ரோம உடை, பின்னால் ஒரு ஜன்னல், நேராக நம்மைப் பார்க்கும் கண்கள். செசிலியா நம்மைப் பார்ப்பதில்லை. பார்த்தவன் அவன்தான். ரஃபேல் தன்னையே வரைந்துகொண்ட படம் அது என்று நம்புகிறவர்கள் உண்டு. கோத்திக் வீட்டிலும் இந்த அருங்காட்சியகத்திலும் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள். ஒரே பட்டியலில் ஒதுக்கப்பட்டு, ஒரே ஆளிடம் சிக்கியவர்கள்.

பிள்ளைகள் போன பிறகு அந்தச் சட்டகத்தின் முன்னால் நின்றேன். செசிலியா முன்னால் நின்றதைவிட அதிக நேரம் நின்றிருப்பேன். வேறொரு படத்தை அதில் மாட்டியிருக்கலாம், சட்டகத்தைக் கழற்றிக் கிடங்கில் வைத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அவன் திரும்பி வந்தால் மாட்டுவதற்கு அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறார்கள்.